பாப் சோதனையில் தொடங்கி பயொப்சி வரை

35 வயது ஆனதும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து, பெண்களுக்கு நோய் முற்றுமுன்னம் சோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெள்ளைபடுதல்கூட இல்லை. மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிற எங்கள் ஊரில் இருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், ஆனாலும் போனேன்.

கருப்பை வாய்க் கலங்களில் புற்றுநோய்க்கான மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற பாப் சோதனை பெரிய நோவு இல்லை. தட்டையான மரக்குச்சியால் கருப்பை வாயை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பூசி, உடனே அற்ககோலில் போட்டார்கள். கண்ணாடியின் ஓரத்தில் என் இலக்கத்தை மிசி பென்சிலால்தான் எழுதினா, பேனை மை அற்ககோலில் கரைந்துவிடுமாம்.

ரிப்போட் வரச் சுணங்கியது, அந்தக் காத்திருப்புத்தான் கொடுமை. வந்தபோது எச்எஸ்ஐஎல் என்று இருந்தது. கான்சரா டொக்டர் என்று கேட்டேன். இல்லையம்மா, கலங்கள் மோசமாக மாறத் தொடங்கியிருக்கு, சதை எடுத்துப் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம் என்றார். பெரியாஸ்பத்திரியில் கொல்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தபடி அசற்றிக் அமிலம் தடவினார்கள், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். அதிலிருந்து எடுத்த சின்னத் துண்டு போமலின் போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போனது.

அந்தத் துண்டைச் சோதித்த பயொப்சியில் சிஐஎன் 3, அதாவது புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்தின் கடைசிப் படி, பி16 என்ற புரதமும் பொசிட்டிவ். கருப்பை வாயில் தொற்றுகிற எச்பிவி வைரஸின் ஈ7 என்ற புரதம், கலம் பெருகாமல் தடுக்கும் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது, அப்போது கலத்துக்குள் பி16 குவிந்து சாயம் ஏற்றினால் கபில நிறமாகத் தெரியும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம் இந்த வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகள்தான்.

பாலுறவால் தொற்றுவது என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு நின்றுபோனது. மாமி என் முகம் பார்க்கவில்லை. அடுத்த முறை டொக்டர் இவரையும் உள்ளே கூப்பிட்டு, அனேகமாக எல்லாருக்கும் வாழ்நாளில் ஒருதரமாவது இது வரும், பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருடம் கழித்துக் காட்டும், எப்போது ஆரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார். அதன் பிறகுதான் இவர் என்னோடு வழமைபோலக் கதைத்தார். இந்தப் பேச்சுக்குப் பயந்தே கிளினிக் போகாமல் விடுகிற பெண்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் விறைக்கப்பண்ணி, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஓரங்களில் நோய்க் கலம் இல்லை என்று வந்தது. ஆனாலும் தொடர்ந்து போய்க் காட்ட வேண்டும், வைரஸ் தங்கினால் திரும்ப வரலாம்.

இலங்கையில் 2017இல் இருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள், என் மகளும் போட்டிருக்கிறாள். ஊசி போட்ட பிள்ளைகளும் வயது வரும்போது இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும். உங்களில் யாருக்காவது பயொப்சி ரிப்போட் வந்தால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெட்டி எடுத்த பிறகு ஓரம் சுத்தமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.