உபின் அலையாத்திக் காட்டில் கயாக்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குச் சைக்கிள் ஓட்டத்தான் பெரும்பாலோர் போவார்கள். நாங்கள் போனது கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகு ஓட்ட. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சிறு விசைப்படகு கிளம்பிவிடும். சிறிது நேரத்தில் தீவு வந்துவிடும்.

சிங்கப்பூரில் துடுப்பு விளையாட்டு என்றாலே பலருக்கும் காலாங் பக்கம் முரசு அதிரப் பாயும் டிராகன் படகுதான் நினைவுக்கு வரும். 20 பேர் துடுப்பு போட, முன்னால் ஒருவர் முரசடிக்க, பின்னால் ஒருவர் திசைபிடிக்க, பார்க்கவே உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதற்கு ஓர் அணி வேண்டும், விடாத பயிற்சி வேண்டும். புதிதாகத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு நான் கயாக்கைத்தான் சொல்வேன்.

கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பை இடமும் வலமுமாகப் போடுவோம். கனூ என்ற இன்னொரு வகைப் படகின் துடுப்புக்கு ஒரு முனையில்தான் அலகு. பந்தயங்களில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு ஓட்டுவார்கள். நின்றபடியே ஓட்டும் பலகையும் இருக்கிறது.

கயாக்கிலேயே இரண்டு வகை. கால்களை உள்ளே நுழைத்து உட்காருவது வேகமானது, ஆனால் கவிழ்ந்தால் வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். மேலே உட்காருவதில் அந்தக் கவலை இல்லை. விழுந்தாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

"அண்ணே, கையால இழுக்காதீங்க, இடுப்பத் திருப்பிப் போடுங்க" என்றார் வழிகாட்டித் தம்பி. அதில்தான் எல்லாமே இருக்கிறது. கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். முதுகும் வயிறும் சேர்ந்து உழைத்தால் நெடுநேரம் தாங்கும்.

அப்புறம் அலையாத்திக் காடு. முட்டளவுத் தண்ணீர் கூட வேண்டாம், கயாக் மிதக்கும். அதனால்தான் பம்போட் எட்டிப்பார்க்க முடியாத ஓடைக்குள் நாம் போக முடிகிறது. இரு பக்கமும் வேர்கள் நெருங்கி வர, துடுப்பை உடம்போடு ஒட்டிச் செங்குத்தாகப் போட வேண்டியிருந்தது. என்ஜின் சத்தம் இல்லாததால் மீன்கொத்தி கிளையை விட்டு அசையவில்லை. சேற்றில் துள்ளும் மீன்களைக் கை நீட்டும் தூரத்தில் பார்த்தேன். அடுக்குமாடிகளுக்கு இவ்வளவு அருகில் இப்படி ஓர் இடம் மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வற்றினால் ஓடை முழுக்கச் சேறுதான், உள்ளே போக முடியாது. எனவே ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, பிற்பகல் இடிமழைக்கு முன்பே திரும்பும்படி காலை நேரமாகப் பதிவு செய்யுங்கள். மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.