பிக்கப் வாங்குமுன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

கனடாவுக்கு வந்து முதல் பிக்கப் வாங்கும் நம்மவர்கள் மேல் பெயின்ட்டையும் எஞ்சினையும்தான் பார்க்கிறார்கள். எங்கே கீறல், எங்கே நசுங்கல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒன்டாரியோ போன்ற உப்புச் சாலை மாகாணத்தில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கழித்துக்கட்ட வைப்பது அடியில் இருக்கும் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பயனில்லை.

எனக்கு இந்த வண்டிதான் பிழைப்பு. கோடையில் தோட்ட வேலை, குளிர்காலத்தில் பனி அள்ளி உப்புப் போடும் வேலை. இந்தத் தொழிலில் பிக்கப்புக்கு மற்ற வண்டிகளைவிடச் சோதனை அதிகம். சாலையில் கிடக்கும் உப்பு கீழிருந்து தெறிக்கும், நாம் ஏற்றிக்கொண்டு போகும் உப்பு மேலிருந்து சிந்தும்.

சாலை உப்பு இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது வந்த புதிதில் யாருக்கும் உறைப்பதில்லை. உலகத்தின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் ஒன்டாரியோவின் கோடெரிச்சில், ஹியூரான் ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பில் பெரும்பகுதி குளிர்காலச் சாலைகளுக்குத்தான் போகிறது. உப்பு சேர்ந்த நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாது என்பதால் அதைத் தூவுகிறார்கள். ஆனால் வெப்பநிலை மைனஸ் பத்துக்குக் கீழே இறங்க இறங்கச் சாதாரண உப்பின் வேகம் குறைந்துவிடும். அப்போது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்களைத் தெளிப்பதும் உண்டு. இவை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாலை காய்ந்து வெள்ளையாகத் தெரிகிற நாளிலும் வண்டியின் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கக் காரணம் இதுதான்.

துரு ஏற இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேதிவினை வேகம் பிடிக்கிறது. கடுங்குளிரில் அதே வினை மந்தமாகிவிடும். ஆகவே ஜனவரியின் மைனஸ் இருபதைவிட, பனி உருகி உருகி உறையும் மார்ச் மாதம் வண்டிக்குக் கெடுதல். உப்புச் சேறோடு வந்த வண்டியை வெதுவெதுப்பான கராஜுக்குள் தினமும் நிறுத்துவதும் அப்படித்தான். வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் பலர் செய்கிறார்கள். கழுவிவிட்டு உள்ளே விட்டால் சரி. கழுவாமல் விட்டால் துரு ஏறுவதற்கு இதமான சூட்டை நாமே கொடுக்கிறோம்.

காருக்கும் பிக்கப்புக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய காரில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். பிக்கப்பில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் கேபினும் சரக்குத் தொட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். சேசிஸின் பல பகுதிகள் பெட்டி போல நாலு பக்கமும் மூடிய குழாய்கள். அவற்றில் இருக்கும் துளைகள் வழியாகச் சேறும் உப்பும் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே கறுப்பாக, ஒழுங்காகத் தெரியும். உள்ளே தகடு தகடாக உதிர்ந்துகொண்டிருக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

பெயர் பெற்ற கம்பெனி வண்டி என்றால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு பற்றி அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016-இல் அந்த நிறுவனம் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. எஞ்சின் உழைப்புக்குப் பெயர்போன வண்டிகள் அவை. அதேபோல ஃபோர்டு எஃப்-150-இன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம். அதற்குத் துருவே கிடையாது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். உடல்தான் அலுமினியம், சேசிஸ் இரும்பு. போதாக்குறைக்கு, இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம் அரிக்கும், பெயின்ட் கொப்பளிக்கும்.

எனக்கு இதையெல்லாம் கண்ணில் காட்டியவர் ஒரு தமிழ் மெக்கானிக். பழைய வண்டி ஒன்றை அவரிடம் காட்டியபோது பானட்டைத் திறக்கவே இல்லை. “தம்பி, எஞ்சினை அப்புறம் பார்ப்போம். ஒரு சுத்தியலை எடுத்துட்டு என்கூட கீழே வாங்க” என்றார். சேசிஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. பின்சக்கரத்தின் லீஃப் ஸ்பிரிங் (பாரம் தாங்கும் பட்டை வில்) மாட்டியிருக்கும் இடத்தில் சத்தம் சொத்தென்று விழுந்தது, கூடவே ஒரு கை நிறையத் துருச்செதில். “இங்கேதான் கேட்கணும். அப்புறம் ஸ்டெப்னிக்கு மேல, குறுக்குச் சட்டத்துல.” பழைய வண்டியின் சேசிஸில் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேட்கச் சொன்னார். சக்கர வளைவுகளில் காந்தம் ஒட்டாவிட்டால், அலுமினிய உடலாக இல்லாத பட்சத்தில், அங்கே பட்டி போட்டு டிங்கரிங் பார்த்திருக்கிறார்கள். நண்பர்கள் வண்டி பார்க்கக் கூப்பிட்டால் இன்றும் சுத்தியலும் காந்தமும் கொண்டுதான் போகிறேன். ஒன்டாரியோவில் பழைய வண்டியைச் சாலையில் ஓட்டப் பதிய சேஃப்டி சர்டிபிகேட் வேண்டும். சேசிஸில் ஓட்டை இருந்தால் அது கிடைக்காது.

சரி, தடுப்பது எப்படி? புது வண்டி வாங்கும்போதே கையெழுத்து மேசையில் ஒரு சிறு மின்னணுப் பெட்டியை நீட்டுவார்கள், துருவை மின்சாரத்தால் தடுக்கும் என்று. வேண்டாம் என்பதே என் கருத்து. மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை உண்மையில் இருக்கிறது, கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அவை நீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கிக் கிடப்பவை, மின்சுற்று முழுமையாகும். வண்டி காற்றில் நிற்கிறது.

தார் போன்ற கெட்டிப் பூச்சு இன்னொரு வகை. தொழிற்சாலையிலிருந்து வந்த சுத்தமான இரும்பில் அடித்தால் தாங்கும். அதிலும் விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், மேலே பூச்சு அப்படியே இருப்பதால் நமக்குத் தெரியாது. ஏற்கெனவே துரு ஏறிய வண்டியில் இதை அடிக்கவே கூடாது.

நான் நம்புவது எண்ணெய். மெல்லிய துருத்தடுப்பு எண்ணெயோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானலின் கலந்ததோ, இரண்டுமே இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே நிற்கின்றன. மெல்லிய எண்ணெய் இடுக்குக்குள் ஊர்ந்து போகும், லானலின் தடிப்பாக ஒட்டிக்கொண்டு சக்கரத் தெறிப்பைக் கூடுதல் நாள் தாங்கும். இரண்டும் காலப்போக்கில் கழுவிப் போகும், ஆகவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். இந்தத் தொந்தரவுக்காகவே பலர் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம்.

செப்டம்பர், அக்டோபரில், உப்பு விழுமுன் அடிப்பது உத்தமம். அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, முழுதும் காயவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் தேவை. நுனியில் எல்லாப் பக்கமும் தெளிக்கும் நீளக்குழலைச் சேசிஸின் துளைகளுக்குள் விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். இந்த உள்வேலைதான் முக்கியம், வெளியே மட்டும் அடித்து முடிப்பவர்களிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை. கதவுகளின் கீழ் விளிம்பில் நீர் வடியும் துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் முதலில் குத்திவிட்டு, உள்ளே அடியுங்கள். கேபினின் பின்மூலைகள், கதவுக்கடிப் பெட்டி, பின்கதவின் அடி மடிப்பு, ஸ்டெப்னியைத் தொங்கவிடும் கம்பிக்கயிறு எல்லாவற்றுக்கும் எண்ணெய் போக வேண்டும். பிரேக் டிஸ்க், சைலன்சர், பெல்ட், ரப்பர் புஷ் மேல் படக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். அடித்த பிறகு சில நாள் சொட்டும், கீழே அட்டை விரித்து வையுங்கள்.

லேசான மேல்துரு இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு எண்ணெய் அடித்தால் போதும், வேகம் நன்றாகக் குறையும். போன இரும்பை எந்த எண்ணெயும் திருப்பித் தராது.

உப்புப் போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சிந்தும் உப்பு நேராகச் சேசிஸின் முதுகில் போய் உட்காரும். அங்கே மழையும் படாது, கழுவும் நீரும் எளிதில் போகாது. பூஜ்ஜியத்துக்கு மேலே வரும் முதல் நாளே குழாயை அந்தச் சந்தில் நேராக விட்டுக் கழுவுங்கள். தொட்டிக்குள் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் வசந்தத்தில் அதைத் தூக்கிப் பாருங்கள், அது உரசிய இடங்களில் பெயின்ட் போய் நீர் தேங்கியிருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு வாரக் கடைசியில் எல்லா வண்டிக்கும் சேர்த்து எண்ணெய் அடிக்கிறோம். புதிதாக வந்து வண்டி வாங்கியவர் யாராவது தெரிந்தால் அதையும் வரிசையில் விடச் சொல்கிறேன். விளக்கைக் கொடுத்து முதலில் பார்க்கச் சொல்வது, சேசிஸ் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை. அது துருவில் வெடித்தால் பெடல் தரையைத் தொடும். அதில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று அவரே கைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வண்டியை இறக்குகிறோம்.