பெயர் அச்சான ஓரத்தை வெட்டச் சொன்னார்கள்

"பெட்டிக்குள்ள போகல. சுத்தியிருக்கிற அட்டையை வெட்டிட்டுக் கொண்டு வாங்க, வாங்கிக்கறோம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய வகுப்புப் படம் ஒன்று. அவர் வெட்டச் சொன்ன அந்த ஓரத்தில்தான் 52 மாணவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக அச்சாகியிருந்தன. எனக்குச் சட்டென்று பேச்சே வரவில்லை. அந்த ஆவணக் காப்பகத்துக்கு நான் போனது அது மூன்றாவது முறை.

அப்பா பள்ளி ஆசிரியர். அவர் போன பிறகு வீட்டை ஒழித்தபோது 31 வகுப்புப் படங்கள் கிடைத்தன. பெரும்பாலும் தடித்த அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோக்கள், பிற்காலத்தில் எடுத்த கலர் படங்கள் சில. வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரு படத்தின் மூலையை ராமபாணப் பூச்சி சுரண்டித் தின்றிருந்தது. படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டினும் அட்டையில் ஒட்டிய பசையும் அதற்கு நல்ல தீனி. உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பில் சேர்த்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம்.

முதல் முறை படங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அதுவே தவறு. பொதுவாகக் காப்பகங்கள் பையோடு வந்து நிற்பவரிடம் படத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. முதலில் பட்டியல் வேண்டும்: எத்தனை படம், எந்த வகுப்பு, எந்த ஆண்டு, என்ன அளவு, என்ன நிலையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வதா என்றே முடிவு செய்வார்கள். அடுத்தது நன்கொடைக் கடிதம். அப்பாவின் பொருள் என்பதால் என் கையெழுத்து மட்டும் போதாது, அக்காவும் போட வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் போன் செய்தபோதே சொல்லியிருக்கலாம். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்தப் போக்குவரத்தில் ஓர் அட்டையின் மூலை பைக்குள்ளேயே முறிந்துபோனது. பழைய அட்டைகள் மரக்கூழில் செய்தவை, காலப்போக்கில் அமிலமேறி அப்பளம் போல நொறுங்கும். இன்னும் நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆகவே முதல் நாள் படத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பட்டியலும் கைபேசியில் எடுத்த நகலும் மட்டும் போதும்.

இரண்டாவது முறை கடிதத்தோடு போனேன். படிவத்தில் 'பதிப்புரிமை யாருடையது' என்ற இடத்தில் 'எங்கள் குடும்பம்' என்று எழுதியிருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படம் நம் கையில் இருப்பதும் அதன் பதிப்புரிமை நம்மிடம் இருப்பதும் வேறு வேறு. பெரும்பாலும் அது படம் எடுத்தவருக்கோ ஸ்டூடியோவுக்கோ எடுக்கச் சொன்னவருக்கோ போகும், சட்டத்தைப் பொறுத்து மாறும். 'இந்தப் பிரதி எங்களுடையது. எடுத்த ஸ்டூடியோவின் முத்திரை அட்டையில் உள்ளது. உரிமையாளர் யாரென்று எங்களுக்குத் தெரியாது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதுமாம். அந்த மூன்று வரியை அங்கேயே சொல்லி எழுத வைத்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம்தான் அந்த மூன்றாவது முறை. வெட்ட மாட்டேன் என்று சொன்னேன். "அப்ப எங்களால ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றார். மேலே யாரையாவது பார்க்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒளிப்படப் பிரிவின் பொறுப்பாளர் வந்தார். படத்தை இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுத்தார், மேசையில் படுக்க வைத்தார், அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். "அட்டையும் சேர்ந்துதான் படம். இதுல ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டக் கூடாது" என்று அந்த ஊழியரிடமே சொன்னார். பெரிய அளவுப் பெட்டி உள்ளே இருந்தது, எடுத்துவரச் சொன்னார். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அட்டையில் இருப்பது பெயர்கள் மட்டுமில்லை. வகுப்பு, பிரிவு, கல்வியாண்டு, ஸ்டூடியோவின் புடைப்பு முத்திரை, பின்பக்கம் அப்பா பென்சிலில் எழுதிய ஒன்றிரண்டு குறிப்புகள். இவற்றை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது யாரென்றே தெரியாத ஐம்பது முகங்கள். பெட்டிக்கு ஏற்றபடி படத்தை வெட்டச் சொல்லும் இடத்தில் படத்தைக் கொடுக்காதீர்கள். பெரிய பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு காப்பகம் பாருங்கள்.

நான் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகளைப் பொறுப்பாளர் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. அது பிவிசி. நாள்பட அமிலத்தை வெளியிட்டுப் படத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறை நல்லது. காகித உறையாக இருந்தால் உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 என்ற ஒளிப்படச் செயல்பாட்டுச் சோதனையில் தேறியதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'அமிலமற்றது' என்று மேலே போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார்.

நன்மை செய்வதாக நினைத்து எங்கள் வீட்டில் முன்பே நடந்த சேதங்களையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகன் ஒரு படத்தை அட்டையிலிருந்து உரித்து லேமினேஷன் செய்து வைத்திருந்தான். சூட்டில் உருகிய பசை படத்தோடு ஒன்றிப்போய்விட்டது, இனி பிரிக்க வழியில்லை. இன்னொன்றில் கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டியிருந்தது, டேப் உதிர்ந்த பிறகும் பழுப்புக் கறை போகவில்லை. வேறொன்றில் யாரோ பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுத, எழுத்து முன்பக்கம் ஒரு பையனின் கன்னத்தில் புடைத்துத் தெரிகிறது. பின்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். படத்தில் உள்ள வெள்ளியே மேற்பரப்புக்கு வந்து படிந்ததுதான் அது.

எல்லாவற்றிலும் மோசம், சட்டம் போட்டு மாட்டியிருந்த படம். ஈரப்பதத்தில் ஜெலட்டின் இளகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பின்பலகையைக் கழற்றி ஒரு மூலையை மெல்லத் தூக்கினேன். ஒரு நகக்கண் அளவுக்குப் படலம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தது ஒரு சிறுமியின் காலடிதான், முகமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒட்டியிருந்தால் தொடவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, நேர் மேலிருந்து கேமராவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கும் வேலை அதற்கென்று பயிற்சி பெற்றவருடையது.

ஸ்கேன் செய்வதிலும் ஒரு சுற்று வீணானது. முதலில் அவர்கள் அனுப்பிய கோப்புகள் 300 டிபிஐ (அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி), கறுப்பு வெள்ளை, அட்டையைத் தவிர்த்துப் படம் மட்டும். வரிசைக்கு பதினைந்து பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. 300 டிபிஐயில் அது 118 புள்ளிக்குள் அடங்கிவிடும், பெரிதாக்கினால் மூக்கும் வாயும் கலங்கிவிடும். 600 டிபிஐயில் இரண்டு மடங்கு கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், அப்போதுதான் கறை எது, மங்கிய மை எது என்று பிரித்துப் பார்க்க முடியும். அட்டை முழுவதும், பின்பக்கமும் வேண்டும். 10க்கு 12 அங்குலப் படம் அப்படி எடுத்தால் சுருக்காமல் சேமிக்கும் ஒரு டிஃப் கோப்பு சுமார் 130 எம்பி வரும். அதனால்தான் தயங்கினார்கள். மூலக்கோப்பு டிஃப், பார்க்கக் கொடுப்பதற்குச் சிறிய ஜேபெக் என்று பேசி முடித்தோம். கலர் படங்களை முதலில் எடுக்கச் சொன்னேன், இருட்டில் வைத்தாலும் அந்தச் சாயங்கள் மங்கும். எங்கள் படங்களில் பச்சை மரமே செங்கல் நிறமாகியிருந்தது.

இனிதான் முக்கியமான வேலை, பெயர்கள். 31 படங்களில் பெயர் அச்சானவை ஒன்பதுதான். மற்றவற்றுக்கு அப்பாவின் பழைய மாணவர்களைத் தேடிப் போனேன். படத்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. நகல் எடுத்து, அதன் மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் வடிவத்தை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். பெயர்கள் எண்ணுக்கு நேராகத் தனித்தாளில். யார் சொன்னது, எந்தத் தேதியில், உறுதியாகவா சந்தேகமாகவா என்பதும் பக்கத்திலேயே. ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் காட்டவே கூடாது. காட்டினால் "ஆமாமா, அவன்தான்" என்று தலையாட்டிவிடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால்தான் உறுதி என்று குறித்தேன். கேட்கப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்க்க நினைத்திருந்த ஒருவர், காப்பகத்துக்கு நான் அலைந்துகொண்டிருந்த மாதங்களில் இறந்துவிட்டார். அவர் வகுப்பில் இன்னும் பதினோரு எண்களுக்கு நேரே வெற்றிடம்தான்.

1967-68 எட்டாம் வகுப்புப் படம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதில் பெயர் அச்சாகியிருந்தது, 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று ஒழுங்காகவே. ஆனால் வந்த மாணவர்கள் யாருமே தங்கள் பெயருக்கு நேரே இல்லை. "நான் இந்த ஓரத்துலதான் நின்னேன் தம்பி, எனக்குத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் வலது ஓரத்தைக் காட்டிக் கோபப்பட்டார். பட்டியலில் அவர் பெயர் இடது ஓரத்தில் இருந்தது. நினைவுப் பிசகு என்று எழுதப்போனேன். அன்றிரவு ஸ்கேனைப் பெரிதாக்கி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு பையனின் சட்டைப் பையில் பேனா தெரிந்தது. பை வலது மார்பில் இருந்தது. பக்கத்துப் பையனுக்கும் வலது மார்பில். அந்த வரிசை முழுக்க, அத்தனை பேருக்கும் வலது மார்பில்! ஒருவருக்கு அப்படித் தைத்திருக்கலாம், வகுப்புக்கே தைப்பார்களா? நெகடிவைப் புரட்டிவைத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள். திரையில் இடம் வலமாகத் திருப்பினேன். 48 பேரும் அவரவர் பெயருக்கு நேரே வந்து நின்றார்கள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பெரியவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். காப்பகத்தில் மூலக்கோப்பை அப்படியே விட்டுவிட்டு, திருப்பிய பிரதியைத் தனியாக வைத்து, காரணத்தைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் படத்தில் பெயரும் முகமும் பொருந்தவில்லை என்றால் சட்டைப் பை, பொத்தான் பக்கம், முன்னால் வைத்த சிலேட்டின் எழுத்து ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பிந்தைய ஆண்டுகளின் கலர் படங்களை இணையத்தில் போட மறுத்துவிட்டார்கள். அதில் இருப்பவர்கள் நடுத்தர வயதில் நம்மோடு இருக்கிறார்கள், சிறுவயதுப் படமும் பெயரும் பொதுவெளிக்கு வர அவர்கள் சம்மதித்திருக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, யோசித்தபோது சரி என்று பட்டது. நேரில் போய்ப் பார்க்கலாம்.

பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கியதும் அங்கேயே வரி வரியாகப் படியுங்கள். எங்கள் ரசீதில் 1967 என்பது 1957 ஆகியிருந்தது. பட்டியலிலும் அதே பிழை ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் திருத்த இன்னொரு கடிதம், இன்னொரு நாள்.

ரசீதில் 30 படங்கள் என்றுதான் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கத் தெரிந்தவர் வரும்வரை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் பொறுப்பாளர். சுவரிலிருந்து இறக்கி, அலமாரியின் நடுத்தட்டில் படுக்க வைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறேன். பெயர்ந்த அந்தச் சிறு துணுக்கு ஒரு காகித உறையில் பக்கத்தில் இருக்கிறது, உறையின் மேல் பென்சிலில் தேதியும் படத்தின் எண்ணும்.