பரீட்சை அவனுக்கு, கை என்னுடையது

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியது ஒருநாள் தகுதியாக மாறும் என்று நான் நினைத்ததே இல்லை. பார்வையற்ற மாணவர், தான் சொல்லச் சொல்லத் தேர்வில் எழுதித் தரும் ஸ்கிரைப்பைத் தானே அழைத்து வந்தால், வருகிறவர் ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். பி.ஏ. தேர்வுக்குப் பட்டதாரி போனால் சிக்கல், நான் போகலாம்.

பார்வையில்லாத எங்கள் தெருத் தம்பி ஒருவன் இங்கே சென்னையிலேயே ஒரு கல்லூரியில் தமிழ் மீடியத்தில் பொருளாதாரம் படிக்கிறான். தேர்வுக்கு முந்தைய வாரம் மற்ற பிள்ளைகள் நோட்டும் கையுமாக இருக்க, இவன் போனும் கையுமாக இருப்பான். "அக்கா, வியாழக்கிழமை காலைல வர முடியுமா?" ஸ்கிரைப் வேண்டுமென்று தேர்வு நடத்துபவர்களிடமே கேட்கலாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. இவன் கேட்டதற்கு வந்த பதில், "நீயே யாரையாவது கூட்டிட்டு வந்துடுப்பா."

1995 சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தபோது அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதமானது. 60 பேர் வகுப்பென்றால் 3 இடம். சரி, சீட் கிடைத்துவிட்டது. அப்புறம்?

முதல் தேர்வில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வரையச் சொல்லி ஒரு கேள்வி. நான் வணிகவியல் படித்ததே இருபது வருடத்துக்கு முன். அவன் என் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினான். "இது மேலேர்ந்து வலப்பக்கமா இறங்கணும் அக்கா, நேரா இல்ல, கொஞ்சம் குழிஞ்சு. இன்னொண்ணு கீழேர்ந்து ஏறி இதை வெட்டணும். வெட்டுற இடத்துலதான் விலை." நான் வரைந்ததை அவனால் சரிபார்க்க முடியாது. அந்தப் பயத்தில் பென்சில் கோட்டை மூன்று முறை அழித்தேன்.

இப்படிப் போகிற நேரத்துக்காகத்தான் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொல்கிறது விதி. 10 மணிக்குத் தொடங்கும் 3 மணி நேரத் தேர்வு 2 மணிக்கு முடிய வேண்டும். 1 மணிக்கே கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். "எல்லாரும் குடுத்துட்டாங்க மேடம்." பாவம், அவருக்கும் பசி. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, வேகமாகச் சொல்லத் தொடங்கினான், நான் கிறுக்கினேன். அன்றிலிருந்து அந்த வழிகாட்டுதலின் பிரிண்ட் என் கைப்பையில், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் வேலை செய்தது.

அவன் வகுப்பில் கை நடுங்கும் பெண் ஒருத்தி. குறைபாடு 40 சதவீதம் என்ற சான்றிதழ் இல்லாததால் ஸ்கிரைப் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். எழுதுவதில் சிரமம் இருந்தால் ஸ்கிரைப் தர அந்த 40 கட்டாயமில்லை என்று 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்தத் தீர்ப்பையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று மறுபடி போன். "அக்கா, அடுத்த வாரம் புள்ளியியல்." அதில் வரும் சிக்மா குறியை எந்தப் பக்கமிருந்து எழுதத் தொடங்குவது என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.