கத்ரீனாவை மறக்கச் சொல்றவங்க யாரு?

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தா போதும், கத்ரீனா புயல் பேச்சு தானா கிளம்பிடும். நான் இருக்கிறது அமெரிக்காவுல, டெக்சாஸ் ஹூஸ்டன்ல. 2005ல அந்தப் புயல்ல முங்கின நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து பஸ் பஸ்ஸா ஆளுங்கள கொண்டு வந்து இறக்கின ஊரு இது, ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துக்குள்ள வரிசையா கட்டில் போட்டுப் படுக்க வச்சாங்க, அதுல நிறைய பேரு அப்படியே இங்கயே தங்கிட்டாங்க. அதனால ஆபீஸ், கடை, சலூன்னு எங்க போனாலும் ஒரு நியூ ஆர்லியன்ஸ்காரர் இருப்பாரு. அவங்க இதைப் பத்திப் பேசுறதுக்கும் மத்தவங்க பேசுறதுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பல வருஷமா கவனிச்சுட்டு வரேன், எழுதணும்னு தோணுச்சு, எழுதுறேன்.

இங்க நம்ம தமிழ் ஆளுங்க கூடுற இடத்துல ஒரு அண்ணன், ரொம்ப நல்ல மனுஷன், போன ஆகஸ்ட்ல டிவியப் பாத்துட்டே சொன்னாரு, "ஏன்டா தம்பி, இன்னுமா இதைப் பேசிட்டு இருக்காங்க, இருவது வருஷம் ஆச்சே, மறந்துட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே?" நான், "அண்ணே, ஹார்வி புயல் வந்தப்ப உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுல்ல, இன்னிக்கும் வானம் கறுத்தா உடனே கார எடுத்துட்டுப் போய் மேட்டுல நிறுத்துறீங்களே, அது என்ன?"ன்னு கேட்டேன். "அது ஜாக்கிரதைடா"ன்னாரு. அவங்களுக்கும் அதான்ணே, நீங்க கார நகத்துறீங்க, அவங்களால ஊர நகத்த முடியாதுன்னேன்.

இதுல பெரிய குழப்பமே எதை ஞாபகம் வச்சுக்கணும்ங்கிறதுதான். வெளியூர்க்காரங்களுக்கு கத்ரீனான்னா ஒரு புயல், பெரிய காத்து, பெரிய மழை, இயற்கைச் சீற்றம், யாரு என்ன பண்ண முடியும், அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸ்காரங்ககிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, கோவம் வந்துடும். 2005 ஆகஸ்ட் 29 காலைல லூசியானால புராஸ் பக்கம் கரை கடந்தப்ப அது மூணாம் வகைப் புயல், நகரத்துக்கு நேரா மேல வரவே இல்ல. ஊரை முக்கினது தடுப்புச் சுவரு இடிஞ்சதுதான். 17வது தெரு கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் ரெண்டுலயும் தண்ணி சுவரு உச்சியத் தொடுறதுக்கு முன்னாடியே சுவரு சாஞ்சு போச்சு, அடியில இருந்த மண்ணு அவ்வளவு பலவீனம். ஊர்ல நூத்துக்கு எம்பது பங்கு தண்ணிக்குள்ள. அதைக் கட்டின ஆர்மி கார்ப்ஸ்காரங்களே, அதாவது அமெரிக்க ராணுவத்தோட இன்ஜினியர் பிரிவே, 2006 ஜூன்ல டிசைன் சரியில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. அதனால அங்க இருக்கிறவங்க "புயல மறந்துடலாம், சுவர மறக்க மாட்டோம்"ங்கிற மாதிரிதான் பேசுவாங்க, சுவரு உடைஞ்ச இடத்துல எல்லாம் விவரம் எழுதின பலகை நட்டு வச்சிருக்காங்க. இயற்கைன்னு சொல்லிட்டா யாரும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்க.

என்கூட வேலை பாத்த ஒருத்தர் நியூ ஆர்லியன்ஸ் லோயர் நைன்த் வார்டுக்காரர், அதாவது இண்டஸ்ட்ரியல் கால்வாய்ச் சுவரு உடைஞ்சு வீடுங்கள அஸ்திவாரத்தோட பேத்து எடுத்துட்டுப் போன பகுதி. அவருகிட்ட யாராச்சும் "அப்ப நீங்க அங்க இருந்தீங்களா"ன்னு ஆரம்பிச்சா பேச்ச மாத்திடுவாரு. ரொம்ப நாள் மறக்கத்தான் பாக்குறாருன்னு நெனச்சேன், பழகப் பழகத்தான் தெரிஞ்சுது, அவருக்கு மறதி எல்லாம் ஒண்ணும் இல்ல, தெரு பேரு, பக்கத்து வீட்டு நாய் பேரு உட்பட எல்லாம் ஞாபகம் இருக்கு, கதை கேக்க வர்றவங்க முகத்தப் பாத்தாதான் அலுப்பு. அவங்க பகுதிக்கு 2006லயே டூரிஸ்ட் பஸ் வர ஆரம்பிச்சிடுச்சு, ஏசி பஸ்ல உக்காந்து கண்ணாடி வழியா இடிஞ்ச வீட்டைப் போட்டோ எடுக்கிறது. வாசல்ல உக்காந்து ஈரச் சாமானப் பிரிச்சுட்டு இருக்கிறவன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அப்புறம் அந்தப் பகுதிக்குள்ள பஸ் வரக் கூடாதுன்னு தடை போட்டாங்க. "பாக்க வேண்டாம்னு சொல்லல, இறங்கிப் பாருன்னுதான் சொல்றோம்"னாரு. அவங்க அம்மா வீடு இருந்த இடம் இப்ப வெறும் மனை. புல்லு வெட்ட வருஷத்துக்கு நாலஞ்சு தடவ போறாரு, ஆகஸ்ட் 29க்கு மட்டும் போக மாட்டாரு.

ஆனா அதே வார்டுல ஒவ்வொரு ஆகஸ்ட் 29க்கும் சுவரு உடைஞ்ச இடத்துல கூட்டம் கூடுது. செத்தவங்க பேரப் படிக்கிறாங்க, பிரார்த்தனை பண்றாங்க, அப்புறம் பித்தளை வாத்தியத்தோட ஆடிட்டே ஊர்வலம் போறாங்க. அழுற நாள்ல என்ன ஆட்டம்னு வெளியாளுங்க கேப்பாங்க. சாவுக்கு மேளம் அடிச்சு ஆடுற ஊர்ல பொறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல. புயல் முடிஞ்ச ஆறே மாசத்துல, 2006 பிப்ரவரில, அந்த ஊரு வருஷா வருஷம் வேஷம் கட்டி ஊர்வலம் போற மார்டி கிரா திருவிழாவ நடத்தணுமா வேணாமான்னு பெரிய சண்டையே நடந்துச்சு, பாதி ஊரு இன்னும் வெளியூர்ல கெடக்கு, இப்ப கொண்டாட்டமான்னு ஒரு பக்கம், நடத்தலைன்னா ஊரே செத்துப்போச்சுன்னு அர்த்தம்னு இன்னொரு பக்கம். நடத்தினாங்க. கூரைல போர்த்தின நீலத் தார்ப்பாயையே துணியா தைச்சுப் போட்டுட்டு வந்தாங்க, அழுகின சாப்பாட்டோட டேப் சுத்தி ரோட்டுல தள்ளின ஃபிரிட்ஜ் மாதிரி வேஷம் கட்டினாங்க, அரசாங்கத்தக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. எனக்கென்னமோ மேடைப் பேச்ச விட இதுதான் நல்ல நினைவஞ்சலின்னு படுது.

நான் அங்க போனப்ப பாத்ததுல மனசுல நிக்கிறது ஒரு வீட்டு முன்சுவரு. தேடுதல் குழு ஒவ்வொரு வீட்டுலயும் ஸ்பிரே பெயிண்டுல பெருக்கல் குறி மாதிரி பெருசா ஒரு எக்ஸ் போட்டு, மேல் கட்டத்துல தேதி, இடப் பக்கம் எந்தக் குழு, வலப் பக்கம் உள்ள என்ன ஆபத்து, கீழ எத்தன பேருன்னு எழுதிட்டுப் போனாங்க. நான் பாத்ததுல கீழ ஒரு முட்டை. அந்த வீட்டுக்குப் புது ஜன்னல், புது பெயிண்ட், எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, அந்தக் குறிய மட்டும் விட்டுட்டு சுத்தி பிரஷ் ஓட்டியிருக்காங்க, ஓரத்துல பிரஷ் கோடு கூடத் தெரியுது. ரெண்டு வீடு தள்ளி ஒண்ணுல சுத்தமா அழிச்சுட்டாங்க. ரெண்டுல எது சரின்னு நான் சொல்ல மாட்டேன், அது அந்தந்த வீட்டுக்காரங்க பாடு. பழைய குறி போச்சேன்னு இரும்புல வெட்டி வாசல்ல மாட்டினவங்களும் உண்டு.

கால்வாய்த் தெருவுல, கனால் ஸ்ட்ரீட்னு சொன்னாதான் தெரியும், பழைய சாரிட்டி ஆஸ்பத்திரி இடுகாட்டுல ஒரு நினைவிடம் இருக்கு. யாரும் கேட்டு வராத உடல்கள், பேரே தெரியாத உடல்கள் அங்கதான் இருக்கு. 2008 ஆகஸ்ட் 29ல அங்க அடக்கம் நடந்தப்ப கஸ்டாவ் புயல் வந்துட்டு இருந்துச்சு, ரெண்டு நாள்ல ஊரையே காலி பண்ண வேண்டியதாப் போச்சு. 2021ல ஐடா புயல் கரை கடந்ததும் அதே ஆகஸ்ட் 29. நினைவு நாளக் கூட நிம்மதியா கடைப்பிடிக்க விடாத ஊரு.

செத்தவங்க எத்தன பேருங்கிறதுலயும் ரொம்ப வருஷம் 1,833ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, 2023ல தேசியப் புயல் மையம் அதை 1,392ன்னு திருத்திடுச்சு. லூசியானால செத்தவங்கள்ல பாதிப் பேருக்குக் கிட்ட 75 வயசு தாண்டினவங்க. காரு இல்லாதவங்க, நடக்க முடியாதவங்க, ஆஸ்பத்திரில படுத்திருந்தவங்க. "கிளம்பச் சொன்னாங்கள்ல, ஏன் கிளம்பல"ன்னு இன்னிக்கும் கேக்குறவங்களுக்கு இந்த ஒரு விவரம் போதும்.

அப்புறம் பக்கத்து மிசிசிப்பிக்காரங்களுக்குத் தனி வருத்தம், கடல் பொங்கி 25 அடிக்கு மேல ஏறி அவங்க கடற்கரை ஊருங்களத் தொடைச்சுட்டுப் போச்சு, ஆனா கத்ரீனான்னா எல்லாரும் நியூ ஆர்லியன்ஸ மட்டும்தான் பேசுறாங்கன்னு. நியாயமான வருத்தம்தான். அவங்க பிலாக்ஸி ஊர்ல பட்டுப்போன ஓக் மரங்களை வெட்டி எறியாம ரோட்டு நடுவுல அப்படியே விட்டு டால்ஃபினும் பெலிக்கனுமா செதுக்கி வச்சிருக்காங்க.

லோயர் நைன்த்ல பெரியவங்க இன்னொண்ணும் சொல்வாங்க, சுவர வெடி வச்சுத் தகர்த்தாங்கன்னு. 2005ல அதுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா 1927ல பெரிய வெள்ளம் வந்தப்ப நகரத்தக் காப்பாத்துறோம்னு கெர்னார்வன்ங்கிற இடத்துல ஆத்துக் கரைய நிஜமாவே டைனமைட் வச்சு உடைச்சு நகரத்துக்குக் கீழ இருந்த ஏழைங்க ஊர முக்கினாங்க. 1965ல பெட்சி புயல்ல வார்டு முங்கினப்ப அதே பேச்சு, 2005ல திரும்பவும் அதே பேச்சு. ஒரு தடவ நெசமா நடந்தத ஒழுங்கா ஒத்துக்கிட்டு ஈடு கட்டியிருந்தா எம்பது வருஷம் கழிச்சு வதந்தியா வந்து நிக்காது.

சுமார் 1,400 கோடி டாலர் செலவு பண்ணி புதுசா கட்டின தடுப்புச் சுவரு ஐடாவுக்குத் தாக்குப் பிடிச்சுது, அது நிஜம், கரண்டுதான் ஊரு முழுக்கப் போச்சு. ஆனா மண்ணு அமுங்குது, கடல் ஏறுது, உசத்திக்கிட்டே இருக்கலைன்னா 2023லயே பாதுகாப்பு போதாமப் போயிடலாம்னு 2019லயே ஆர்மி கார்ப்ஸ் எழுதி வச்சிருச்சு. இதை அந்த அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நம்ம பக்கம் சுவரு யாருடா பாக்குறா?"ன்னாரு. ஹூஸ்டனுக்குக் கீழ கடலோரத்துல கால்வெஸ்டன் பக்கம் கட்டப்போறதா பேசிட்டே இருக்காங்க அண்ணேன்னேன். "பேசிட்டேதான் இருப்பானுங்க"ன்னு சொல்லிட்டு ஃபோன எடுத்து ஃப்ளட் இன்சூரன்ஸ் தேதியப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.