சுமந்து வர முடிகிற தூரம்

எழுபது வயதைக் கடந்தவர் எல்க் மான் வேட்டைக்குப் போகிறார் என்றால், மலை ஏற முடிகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து, இங்கேயே வேட்டை பழகி, இங்கேயே முதுமையும் அடைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏறிவிடலாம். விடிவதற்கு வெகு நேரம் முன்பே புறப்பட்டு, நின்று நின்று, மூச்சு சீரான பிறகு அடுத்த அடியை எடுத்து வைத்தால் பெரும்பாலான சரிவுகள் வழிவிடும். முதுமையில் வேட்டையின் கடினம் துப்பாக்கி வெடித்த பிறகுதான் தொடங்குகிறது. விழுந்த விலங்கை வண்டி நிற்கும் இடம்வரை கொண்டு சேர்க்கும் வலு என் உடம்பிலோ என்னுடன் வருபவர்களிடமோ இருக்கிறதா என்ற ஒரே கணக்கைச் சுற்றித்தான் இப்போது என் வேட்டை முழுவதும் நடக்கிறது.

எல்க் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானைக் காட்டிலும் பெரிய மான். வளர்ந்த பெண் எல்க் ஏறத்தாழ 225 கிலோவும், ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். இவ்வளவு பெரிய விலங்கை எவராலும் முழுதாக இழுத்து வர முடியாது. விழுந்த இடத்திலேயே உரித்து, பகுதி பகுதியாகப் பிரித்து, காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் இட்டு, முதுகில் சுமந்துதான் வர வேண்டும். எலும்போடு கூடிய ஒரு பின்தொடை மட்டுமே 25 கிலோவைத் தாண்டும். நான்கு கால் பகுதிகளையும், முதுகெலும்பின் இருபுறமும் நீண்டோடும் தசைகளையும், அதன் உட்புறத்து மென்தசைகளையும் எடுத்து வந்தே தீர வேண்டும் என்பது கொலராடோவின் சட்டம். உண்ணத் தக்க இறைச்சியைக் காட்டில் அழுகவிடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய மனம் ஒப்பாது. அக்டோபர் நடுப்பகுதியில் சில நாள்கள் பிற்பகல் வெயில் நன்றாகவே காயும். அப்போது தோலை உரிக்கத் தாமதித்தால் தொடை எலும்பை ஒட்டிய இறைச்சி உள்ளிருந்தே கெடத் தொடங்கிவிடும். ஆகவே, சுமப்பதற்கு ஆள் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆள் உரிய நேரத்தில் வந்து சேரவும் வேண்டும்.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னோடு பணிபுரிந்த மூத்தவர் ஒருவர். மீக்கர் என்ற சிற்றூரின் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். கொலராடோவில் மிகப் பெரிய எல்க் கூட்டம் வாழும் ஒயிட் ரிவர் பகுதியும் ஃபிளாட் டாப்ஸ் மேட்டுநிலமும் அவருக்குப் பிறந்த வீட்டின் கொல்லைப்புறம். நடுவயதில் அவர் குதிரைகளோடு உள்காட்டுக்குப் போய்த் தங்கி வேட்டையாடியவர். ஃபிளாட் டாப்ஸின் பெரும்பகுதி 1975இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் காப்புக்காட்டுச் சட்டப்படி அங்கே மோட்டார் வண்டி மட்டுமல்ல, சக்கரம் வைத்த கைவண்டிகூட நுழையக் கூடாது. கால்நடையாகவோ குதிரையிலோ கோவேறு கழுதையிலோதான் போக வேண்டும். குதிரைகளைப் பராமரிக்க முடியாத வயது வந்தபோது அவற்றை விற்றார். விற்ற ஆண்டிலேயே உள்காட்டு வேட்டையையும் விட்டார். அதற்காக அவர் ஏங்கி நான் பார்த்ததில்லை. வரைபடத்தை விரித்து, வண்டிப் பாதைகளின் ஓரமாக ஒரு மைலுக்கு உட்பட்ட நிலங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, இனிமேல் இதுதான் என் காடு என்றார். பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் எல்கை எவ்வளவு அருகில் கண்டாலும் சுட மாட்டார். பாதைக்கு மேலே, இறக்கத்தில் சுமந்து வரக்கூடிய இடத்தில் நிற்பதைத்தான் சுடுவார். கொம்பு எத்தனை கிளை என்று இளைஞர்கள் தொலைநோக்கியில் எண்ணிக்கொண்டிருக்கும்போது, அவர் திரும்பி வண்டி நிற்கும் திசையை அளந்துகொண்டிருப்பார்.

வட்டம் சுருங்கினால் வாய்ப்பும் சுருங்கும் என்று தோன்றலாம். எல்கின் நடமாட்டத்தை அறிந்தவருக்கு அப்படி ஆவதில்லை. கோடையில் மர எல்லைக்கு மேலுள்ள புல்வெளிகளில் மேயும் கூட்டங்கள், பனி கனக்கத் தொடங்கியதும் ஆஸ்பென் தோப்புகளையும் குட்டை ஓக் புதர்களையும் கடந்து, சேஜ் புதர் மண்டிய தாழ்நிலங்களுக்கு இறங்கி வருகின்றன. செப்டம்பரில் வில்லோடு போகிறவர் எல்கைத் தேடி மேலே ஏற வேண்டும். நவம்பரில் துப்பாக்கியோடு போகிறவரை நோக்கி எல்கே இறங்கி வரும். ஆண் எல்கின் கொம்பை விட்டுவிட்டு, பிந்திய பருவத்தில் பெண் எல்குக்கான உரிமத்துக்கு விண்ணப்பிப்பதுதான் முதியவருக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து. இறைச்சியும் அதில்தான் மென்மையாக இருக்கும்.

கருவிகளும் வயதோடு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. முதலில் போனது வில். கொலராடோவில் வேட்டை வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். அதை இழுப்பது அரிதன்று, ஆனால் எல்க் தலையைத் திருப்பும்வரை இழுத்த நிலையிலேயே தோளை அசையாமல் வைத்திருக்க என்னால் இயலவில்லை. அடுத்துப் போனது, குழல் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. அதற்கென ஒதுக்கப்பட்ட செப்டம்பர் பருவத்தில் தொலைநோக்கிக் குறிகாட்டி பொருத்த அனுமதி இல்லை. பின்குறி, முன்குறி, விலங்கு என்று மூன்று தொலைவுகளை ஒரே நொடியில் கூர்மையாகக் காண இளங்கண் வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பின்குறி வெறும் கறுப்புக் கறையாகத் தெரியும். இப்போது என்னிடம் எஞ்சியிருப்பது தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள் மட்டுமே. அதிலும் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா வகையின் உதை தோளைப் பதம் பார்த்ததால், உதை குறைந்த 6.5 கிரீட்மோருக்கு மாறினேன். உதைக்கு அஞ்சி விசையை வெட்டி இழுக்கும் பழக்கம் நின்றது. குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

காதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். எல்க் கூட்டம் காட்டுக்குள் நகரும்போது பெண்களும் குட்டிகளும் மெல்லிய உயர்குரலில் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே போகும். முதுமையில் முதலில் மங்குவது இந்த உயர்ந்த ஒலிகள்தான். என் ஆசிரியர் கேட்புக்கருவி அணிந்தார். குரல் கேட்டது, ஆனால் எந்தத் திசையிலிருந்து என்று பிரித்தறிய முடியவில்லை. காற்று வீசினால் கருவிக்குள் இரைச்சல் மட்டுமே நிறைந்தது. ஆகவே கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை நம்பத் தொடங்கினார். நாமே மரங்களுக்கிடையே நடந்து தேடுவதை நிறுத்தி, எதிர்ச்சரிவில் அமர்ந்து, வடக்கு நோக்கிய அடர்மரக் காட்டின் விளிம்பை விடியலிலும் அந்தியிலும் தொலைநோக்கியால் துழாவுவது அவருடைய முறை. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் பட்டதும் மேல்நோக்கி ஏறும். அந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எங்கே அமர்ந்தால் நம் வாடை எல்குக்கு எட்டாது என்பதைப் பல ஆண்டுகள் காட்டில் இருந்தவரே அறிவார். இளைஞன் காலால் ஈட்டுவதை முதியவர் இந்த அறிவால் ஈட்டுகிறார்.

முதுமையின் தளர்ச்சியை நெடுந்தூரத் துப்பாக்கியால் ஈடுகட்டும் போக்கு ஒன்று பரவி வருகிறது. நடக்க முடியாதவர் 600 கஜத்துக்கு அப்பாலிருந்து சுடுவதைச் சிலர் நியாயப்படுத்துகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குண்டு பயணம் செய்யும் நேரத்துக்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தாலே வயிற்றில் காயம் பட்டுவிடும். காயப்பட்ட எல்க் கணவாயைத் தாண்டி ஓடும். அதைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்து முடிக்க அந்தக் கால்களே வேண்டும். 200 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை.

இதயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மிச்சிகனில் மான் வேட்டைக்காரர்களின் இதயத் துடிப்பை வேட்டையின்போதே பதிவு செய்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், மருத்துவமனை ஓடுபொறியில் எட்டிய உச்சத்தையும் விஞ்சிய துடிப்பு காட்டில் சிலருக்குப் பதிவானது. ஆய்வு நடந்தது மிச்சிகனின் தாழ்ந்த நிலத்தில். நாங்கள் வேட்டையாடுவதோ கடல் மட்டத்திலிருந்து 8,000 முதல் 10,000 அடி உயரத்தில். விலங்கைக் கண்ட பரபரப்பு, குளிர், முழங்கால் பனி, முதுகுச் சுமை எல்லாம் ஒரே நேரத்தில் இதயத்தின் மீது வந்து விழுகின்றன. ஆகவே பின்தொடைகளை இப்போது நான் சுமப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவனாதலால், உரிக்கும்போது இடக்கையில் வெட்டுத் தடுக்கும் கையுறை அணிகிறேன். இரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி மேல்பையிலேயே இருக்கும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடங்களிலிருந்து செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியைத் தோள்பட்டை வாரில் மாட்டிக்கொண்டு, அமர்ந்த இடத்தையும் கிளம்பும் நேரத்தையும் மனைவிக்குத் தெரிவிக்கிறேன். தனியாகப் போவதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

சென்ற நவம்பரில் நானும் மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு பெண் எல்கை எடுத்தோம். பாதைக்கு மேலே அரை மைலுக்குள், கணுக்கால் அளவுப் பனியில் அது விழுந்தது. வயிற்றைத் திறக்காமலேயே இறைச்சியைப் பிரிக்கும் முறை முதியவருக்கு மிகவும் உகந்தது. விலங்கைப் புரட்டும் பாடு அதில் குறைவு. முதுகெலும்பின் நெடுகே கத்தியை ஓட்டி, மேற்பக்கத்துத் தோலை விலா வரை விரித்ததும், குளிரில் விறைத்திருந்த என் விரல்களுக்கு அந்த உடலின் வெப்பம் ஏறியது. முன்னங்கால் சப்பை எந்த மூட்டிலும் மாட்டியிருக்காது, தசை மட்டுமே அதைப் பிடித்திருக்கும். மகள் காலைத் தூக்கிப் பிடிக்க, நான் கீழிருந்து அறுக்க, தானாகவே கழன்று வந்தது. பின்தொடையின் பந்துக்கிண்ண மூட்டைக் கத்தி முனையால் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் அவளுக்குக் கைகாட்ட வேண்டியிருந்தது. இருவரும் தொடைகளைச் சுமந்தார்கள். முதுகுத் தசைகளும் அவற்றின் உட்புறத்து மென்தசைகளும் என் பங்கு. சப்பைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு மெதுவாக வேகவைத்தோம். மிச்சத்தில் உப்புக்கண்டமும் போட்டோம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த உறவினர்களுக்கு இதெல்லாம் ஒவ்வாததாகப் படுகிறது. அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நிலத்தின் வரலாறு வேறு. சந்தைக்காகக் கட்டுப்பாடின்றிக் கொன்றதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எல்க் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. வயோமிங்கிலிருந்து எல்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையை உரிமத்துக்கும் பருவத்துக்கும் உட்படுத்தினார்கள். இன்று ஏறத்தாழ 2,80,000 எல்குகள் இங்கே வாழ்கின்றன, அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. அவற்றைக் காக்கும் செலவின் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், துப்பாக்கி, தோட்டாக்கள் மீது 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் இதற்கென ஒதுக்கிய வரியிலிருந்தும் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை வேட்டையை விட்டு விலகிக்கொண்டிருப்பது வனத்துறைகளுக்கு உண்மையான கவலை. முதியவர் ஒருவர் போகாமல் நின்றுவிட்டால் ஓர் உரிமக் கட்டணம் மட்டுமன்று, அவரோடு போயிருக்கக்கூடிய இளையவர் ஒருவரும் காட்டுக்கு வராமற்போகிறார்.

என் ஆசிரியர் எண்பது வயதுக்குப் பின் உரிமம் வாங்கவில்லை. ஆனால் முகாமுக்கு வந்தார். ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, மடக்கு நாற்காலியில் அமர்ந்து, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியால் சரிவுகளைத் துழாவி, எந்த ஓடையில் எத்தனை நிற்கின்றன என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர் சுடுவதை நிறுத்தியதற்கு வெளியிலிருந்து யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பென்சில் வட்டம் வண்டிக்கு அருகில் வந்து முடிந்துவிட்டது, அவ்வளவே. எனக்கும் அந்த ஆண்டு வரும். எந்த வயது என்று இப்போதே குறித்து வைப்பதில் பொருளில்லை என்று நினைக்கிறேன். உடன் சுமப்பவர்கள் வர இயலாத ஆண்டில் நான் உரிமம் வாங்கப் போவதில்லை என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் வேட்டை உரிமக் குலுக்கலுக்கான விண்ணப்பம் முடிவடைகிறது. பிந்திய பருவத்துப் பெண் எல்குக்கு மூவரும் ஒரே குழுவாக விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துள்ளோம். சென்ற முறை பிரித்த இடத்துக்குத் தெற்கே, பாதையை ஒட்டி ஓடும் மற்றொரு முகட்டை மகள் வரைபடத்தில் காட்டினாள். ஏற்றம் சற்றுக் கூடுதல்தான், ஆனால் திரும்பி வரும் வழி முழுவதும் இறக்கம்.