அம்மா பார்த்த ஹூக்ளி

எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடித்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குக் கொல்கத்தா காட்டவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன வாரம்தான் கூட்டிப்போக முடிந்தது.

ஹவுராவில் ஹூக்ளி ஆற்றைக் கடக்க ஃபெர்ரி ஏறினோம். 1943-இல் திறந்த ஹவுரா பாலம் முழுசாகத் தெரிந்தது. நட்டு, போல்ட் கிடையாது, எல்லாம் ரிவெட். நடு ஆற்றில் தூணும் இல்லை. எனக்குப் புல்லரித்தது.

அம்மா பாலத்தைப் பார்க்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலங்கல் தண்ணீரில் மிதந்துபோன ஆகாயத்தாமரையையே பார்த்தார்.

"டேய், ஆறு மேலாக்க ஏறுதுடா. கடல் தண்ணி உள்ள வருது."

அப்புறம்தான் நானும் கவனித்தேன். அங்கிருந்து கடல் எவ்வளவோ தூரம்!

மல்லிக் காட் பூச்சந்தையில் கயிறு கயிறாகத் துலுக்கச் சாமந்தி. ஒரு சரம் வாங்கி ஆற்றில் விட்டார். "எண்ணூரு ஆறும் இப்படி ஓடணும்" என்றார்.